எட்டு ரியால்

பெட்டியைத் திறந்ததும் குரோவர் சிரித்தான்.
உள்ளே ஒரு கம்பளிக் காலுறை,
காலுறைக்குள் ஒரே ஒரு காசு.
வட்டமுமில்லை சதுரமுமில்லை,
யாரோ கடித்து வைத்த ரொட்டித் துண்டு மாதிரி.
"போதோசியின் பழைய வெள்ளி" என்றான் தம்பி.
"விற்றால் லாரிக்கு முன்பணம்."

முதலில் காந்தம். ஒட்டவில்லை.
பிறகு மேசைமேல் சுண்டிவிட்டான்.
தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் ஓர் ஒலி.
அவன் முகத்தை நான் பார்க்கவில்லை,
என் முகத்தை அவனும்.

கடையை அடைத்தபின்
மருந்துப் பொடி நிறுக்கும் தராசை எடுத்தேன்.
காசின் எடை இருபத்தாறு புள்ளி நான்கு.
தண்ணீர்க் கோப்பையைத் தட்டில் வைத்து
எண்ணைப் பூஜ்யமாக்கி
தையல் நூலில் காசைக் கட்டி
அடியில் முட்டாமல் தொங்கவிட்டேன்.
மூச்சடக்கி நின்றோம் இருவரும்.
அப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்த இரவில்கூட
இப்படி நின்றதில்லை.
இரண்டு புள்ளி ஆறு ஐந்து.
நல்ல வெள்ளியென்றால்
இரண்டு புள்ளி ஐந்து ஆறு.

ஒன்பது சென்டிகிராம்.
உப்புப் போடும்போது
விரலில் ஒட்டிக்கொள்வது அவ்வளவு இருக்கும்.
ஆனாலும் செம்பு கூடுதல்.
"செல்லாக்காசு" என்றான் குரோவர்.
"அப்பாவையே எவனோ ஏமாற்றியிருக்கிறான்"
என்று சொல்லிவிட்டு
அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டான்.

சூக்ரேவுக்கு மூன்று மணிநேரம் பேருந்து.
இப்பார்ரா என்பவர்
ஒற்றைக் கண்ணில் லென்ஸ் செருகிக்கொண்டார்.
வார்ப்பின் குமிழி இல்லை.
கத்தரியில் வெட்டிய விளிம்பு.
சிலுவைமேல் பிற்பாடு குத்திய
ஒரு சின்னக் கிரீடம்.
நான் எழுதிக் கொண்டுபோன எண்களைப் பார்த்து
முதல்முறையாகச் சிரித்தார்.

"அந்த வருஷங்களில், செனோரா,
அக்கசாலையே திருடியது.
மாற்றுப் பார்க்க உட்கார்த்தி வைத்தவனே
செம்பைக் கூட்டி எட்டு என்று அடித்தான்.
கடல்கடந்த வியாபாரிகள் வாங்க மாட்டேனென்றார்கள்.
விசாரணை நடந்தது, தலைகள் போயின.
மிச்சக் காசை மதிப்புக் குறைத்து
கிரீடம் குத்தி மறுபடி புழங்கவிட்டார்கள்.
இன்றைக்குப் போலி செய்கிறவன்
மாட்டிக்கொள்ளக் கூடாதென்று
நல்ல வெள்ளியில் செய்வான்.
உங்களுடையது குறைகிறது.
அதனால்தான் நம்புகிறேன்.
முழு உறுதி வேண்டுமானால் லா பாஸில்
கதிர் வைத்துப் பார்ப்பார்கள்."

தலையாட்டினேன்.
பணம் கொடுத்தேன். மிச்சத்தைச் சரிபார்த்து வாங்கினேன்.

திரும்பும் பேருந்தில் காலுறை மடியில் கனத்தது.
அப்பாவிடம் நாணயம் இருந்தது,
ஒன்றே ஒன்று,
அதிலும் மாற்றுக் குறைவு.

கொல்லையில் தார்ப்பாய்க்கடியில் அவருடைய தராசு.
முப்பது வருஷம்
சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள்
தாது மூட்டையை அதில் இறக்கினார்கள்.
அப்பா எண்ணை உரக்கப் படிப்பார்,
அவர்கள் தலையாட்டுவார்கள்.
நானும் ஜன்னலில் உட்கார்ந்து
கூடவே கூட்டல் போடுவேன்.
அந்தக் கூட்டல் தப்பியதே இல்லை.

முத்திரை வைத்த எடைக்கற்கள் என்னிடம் இருக்கின்றன,
நூறு, ஐநூறு, ஒரு கிலோ.
கொல்லைக்கு இன்னும் கொண்டுபோகவில்லை.
குரோவர் லா பாஸில் தேதி கேட்டிருக்கிறான்.

செவ்வாயன்று பாசிலியா வந்தாள்.
மலைச்சரிவில் கழித்த கல்லைப் புரட்டி
தாது பொறுக்குகிறவள்.
கணவனின் நெஞ்சு மருந்துக்கு
முப்பது மாத்திரை எண்ணிக் கொடுத்தேன்.
கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்றபடியே
அவள் மறுபடி எண்ணினாள்.
எப்போதும் எண்ணுவாள்.
வயசாகிவிட்டது, அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
அவள் முடிக்கும்வரை
அடுத்த ஆளை நான் கூப்பிடவில்லை.