பெயர் கழன்ற புட்டிகள்

தார்த்து நகரில் பிப்ரவரி.
குளிர்பெட்டியில் இடமில்லையென்று
ஆறு பியர் புட்டிகளையும்
பால்கனிப் பனியில் நட்டுவைத்தான் ராய்வோ.
மாலையில் பிடுங்கினால்
ஒட்டுத்தாள்கள் பனியோடு தங்கிவிட்டன.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஹெல்வி,
"இனி விலையைக் குடிக்க வேண்டாம்."

மின்கட்டண ரசீதின் முதுகில்
மதிப்பெண் எழுதும் வேலை எனக்கு.

ஒன்று: கம்பு ரொட்டியின் கருகிய ஓரம். ஏழு.
இரண்டு: பம்ளிமாஸ் தோல்.
விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசும்
விருந்தாளியின் கசப்பு. ஐந்தரை.
மூன்றை நுரையோடு குடித்தது
மேசைவிரிப்புதான். அதைக் கேட்டுக்கொள்ளவும்.
நான்கு, புகை என்றான் ராய்வோ.
ஈர நாய் என்றாள் ஹெல்வி.
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

ஐந்தாவதற்கு
யாரும் உடனே வாய் திறக்கவில்லை.
தேன் வந்துபோன தடம்,
வைக்கோல்,
அப்புறம் சொல்லத் தெரியாத ஒன்று.
அடுப்பில் விறகு வெடித்தது.
ராய்வோ மெதுவாகக் குடித்தான்;
அவன் எதையும் மெதுவாகச் செய்து
நான் பார்த்ததில்லை.
ஒன்பதே முக்கால் என்று எழுதிவிட்டு
பெயருக்கான இடத்தில்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

ஆறாவதைத் திறக்கவே இல்லை.

இரவு பதினொன்றுக்கு
கைவிளக்கும் சூப்புக் கரண்டியுமாக
மூன்று பேர் பனியைக் கிளறிக்கொண்டிருக்கிறோம்.
கிடைத்ததெல்லாம் கூழ்,
கொஞ்சம் தங்கமை,
பாதி மானின் கொம்பு.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து
ஆர்வெத் கேட்கிறார்: "என்ன தொலைந்தது?"

"ஒரு பெயர்" என்கிறாள் ஹெல்வி.

"நாய்க்கா?" என்கிறார்.