மேற்படி விடயம்

கச்சேரிக்கு எதிர்ப்பக்கம்
வாகைமர நிழலில் பதினெட்டு வருசமாய்
எனக்கொரு மேசை.
காணி, பென்சன், பிறப்புப் பதிவில் எழுத்துப்பிழை,
காணாமற்போன அடையாள அட்டை,
காணாமற்போன ஆள்,
எதுவானாலும் பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
ஆளுக்கு மட்டும்
நான் காசு வாங்குவதில்லை.

சனி பின்னேரம், கூட்டுறவுச் சங்க மேல்மாடியில்
எழுத்து, ஓவியம், கதைசொல்லல்,
வளர்ந்தோருக்கு, இலவசம் என்று
மதிலில் ஒட்டியிருந்தார்கள்.
இலவசம் என்றால் எங்கள் ஊரில்
முதலில் படிவம் வரும்,
பிறகு படம் பிடிக்கிற ஆள் வருவார்.
நிரப்பிக் கொடுக்கலாமே என்று
நாலு பேனையோடு போனேன்.

படிவம் இல்லை.
வரவுத்தாள் ஒன்று மட்டும் சுற்றி வந்தது.
அதைக் கண்டதும் செபமாலைமுத்தர்
எழும்பிக் கதவடிக்குப் போய்விட்டார்.
"பேர் குடுத்த தாளெல்லாம் எங்க போகுமெண்டு
எனக்குத் தெரியும் பிள்ளை."
மஸாஹிரா வாதாடவில்லை.
தாளை நாலாய் எட்டாய் மடித்து
கச்சானுக்கு அடித்துக்கொண்டிருந்த யன்னலில்
ஆப்பாகச் செருகினாள்.
பிறகு சொன்னாள்,
ஒரு கதவைப் பற்றி ஏதாவது.

மா ஆலையில் இரவுவேலை முடித்து
புருவம் வெளுக்க வந்திருந்த இன்பராசா
இரண்டு வரி எழுதி, மூன்றாவதில் தூங்கினார்.
சந்திராணி தமிழ்ச் சொற்களைச்
சிங்கள எழுத்தில் எழுதிவைத்து
ஒவ்வொன்றாய் இக்கரை கடத்தினாள்.
கிண்ணியா ஜெஸீமா எழுதவே இல்லை.
ஒரு கதவை வரைந்தாள்,
சுற்றிவர வீடு இல்லாமல்.

நான் எழுதினேன்,
கனம் ஐயா,
மேற்படி விடயம் தொடர்பாகத்
தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்
வெட்டினேன்.
பேனையை மாற்றினேன்.
நாலு பேனைக்கும்
அந்த ஒரு தெருதான் தெரிந்திருந்தது.

கதவடியில் நின்றபடியே முத்தர் தொடங்கினார்.
"தோணிக்கு ஏது கதவு?
வாடிக்கு ஒண்டு இருந்தது. கடல் கொண்டுபோச்சு.
மூண்டாம் நாள் கதவொண்டு கரையில கிடந்தது,
என்ர இல்லை, வேற ஆரோடயோ.
கொண்டுவந்து பூட்டினன்.
பூட்டு அதோடயே வந்தது, திறப்பு இல்லை.
இண்டைக்கும் மாத்தேல்ல.
உடையவன் வந்தா
அவன்ர திறப்பு பிழைக்கக் கூடாது பாருங்கோ."

இன்பராசா எப்போது விழித்தார் தெரியாது.
கண்ணைத் துடைக்கப் போய்
முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டார்.

அடுத்த கிழமை படங்களை
வாசல் மதிலில் ஒட்டினோம்.
பசைக்கு மா அவர்தான் கொண்டுவந்தார், நல்ல மா.
நாங்கள் தேத்தண்ணி குடித்து இறங்குமுன்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
ஜெஸீமாவின் கதவைப் பாதி தின்றுவிட்டிருந்தது.
எங்களைக் கண்டும் அது அவசரப்படவில்லை.
"வீடு கட்ட முந்தியே கதவத் திண்டுட்டுதே!"
அவள் சிரிக்க, முத்தர் சிரிக்க,
தெருவில் போன ஓட்டோக்காரனும்
என்னவென்று தெரியாமலே சிரித்தான்.

நாலாம் சனி என் தாளை வாசித்தேன்.

கனம் கதவே,
மேற்படி விடயம் தொடர்பாக.
கச்சான் காலத்தில் இரவு இரண்டு மணிக்குத்
தாங்கள் தட்டுவதை
நிறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
ஒவ்வொரு முறையும் எழும்பிவந்து
பார்க்கவேண்டியிருக்கிறது.
அவர் தட்டினால் இரண்டு தரம்தான் தட்டுவார்,
மூன்றாவதைத் தாங்கள் தட்டுவதால்
காற்றென்று அறிகிறேன்.
ஆயினும் இரண்டுக்கும் மூன்றுக்கும்
இடைப்பட்ட நேரத்தைக்
கருத்தில் கொள்ளவும்.
இணைப்பு இல்லை.
இப்படிக்கு

அதோடு நிறுத்திவிட்டேன்.
யன்னல் ஆப்பு லேசாய் முனகியது.
சந்திராணிதான் கேட்டாள்,
"இப்படிக்கு எண்டா என்ன அக்கா?
இந்த மாதிரி எண்டா?"

ஆயிரம் பக்கத்தின் அடியில் எழுதிய சொல்.
ஒருநாளும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

"ஓம்" என்றேன். "இந்த மாதிரி."
அதற்குக் கீழே,
அட்டை இலக்கம் இல்லாமல்
விலாசம் இல்லாமல்
தவமலர் என்று எழுதினேன்.