நாலடி

முதல் தூண்டில் நுனி முறிந்து போய்ச் சேர்ந்தது.
இரண்டாவது, வளையங்கள் நசுங்கி.
போர்ட் பிளேரிலிருந்து கிளாட்வின்
இரண்டுக்கும் படம் அனுப்பினான்.
திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

கட்டுவதில் நான் குறை வைக்கவில்லை.
குமிழித்தாள் மூன்று சுற்று,
அட்டைக்கு மேல் அட்டை,
நாலு பக்கமும் சிவப்பு மசியில்
உடையும் பொருள், உடையும் பொருள்.
"அதைப் படிச்சிட்டுத்தாண்ணே
இன்னும் கொஞ்சம் ஓங்கிப் போடுவானுங்க"
என்றாள் கூரியர் கவுண்டர் யோகலட்சுமி,
தலை நிமிராமல்.

மண்ணடியில் என் கடைக்கு எதிரே
கஃபூர் பாயின் குழாய்க் கடை.
இரண்டரை இன்ச் பிவிசி
நாலேகால் அடிக்கு அறுக்கச் சொன்னேன்.
"பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா?"
"தூண்டிலுக்கு."
ரம்பத்தை நிறுத்தி ஒருமுறை பார்த்தார்.
பிசிறைத் தேய்த்துக் கொடுத்தார்,
தேய்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அந்த ராத்திரி கற்றுக்கொண்டது:
ரீலைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.
இரு துண்டையும் சேர்த்துக் கட்ட ரப்பர் பேண்டு போதும்,
டேப் போட்டால் வார்னிஷைப் பிய்த்துக்கொண்டு வரும்.
வளையத்தின் மேல் வளையம் உட்காரக் கூடாது.
நுனி, தடித்த துண்டின் இடுப்பில்
ஒண்டிக்கொண்டு போக வேண்டும்.
இரு முனைக்கும் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சு.
மூடி.
பிறகு காதோரம் வைத்துக் குலுக்க வேண்டும்.
சத்தம் வந்தால்
உள்ளே எதற்கோ இடம் அதிகம்.

வந்தது. பிரித்தேன். கட்டினேன். வந்தது.
நஸ்ரீன் போன் செய்தாள், சோறு ஆறுகிறதென்று.
போட்டிருந்த பனியனைக் கழற்றிச் சந்தில் திணித்தேன்.
வரவில்லை.

ஆனாலும் மூன்றாவதை ஏற்றக் கை வரவில்லை.
ஜப்பான் சரக்கு. ஒன்பதாயிரம்.
வியர்வையோடு அண்ணாந்தபோது தட்டியது:
எட்டடித் தூண்டில் பிரித்தால் நாலடி.
தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டும்
நாலடி.

மறுநாள் பிராட்வேயில்
எல்இடி கேட்டால் கடைக்குக் கடை நீட்டுகிறார்கள்,
கண்ணாடிக் குழல் ஆறாவது கடையில்தான் கிடைத்தது.
தூண்டிலுக்குச் செய்ததை எல்லாம் அதற்கும் செய்தேன்,
பனியன் உட்பட.

"உள்ள என்ன?"
"டியூப்லைட். அந்தமானுக்கு."
இப்போது நிமிர்ந்தாள் யோகலட்சுமி.
"ஏன், அங்க கிடைக்காதா?"
"கிடைக்கும்."
எடை போட்டாள். ரசீது கிழித்தாள்.
எனக்குப் பின்னால் நின்றவர்
ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மழை. கப்பல் இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தது.
லாரி, கிரேன், கப்பல், மறுபடி லாரி,
எத்தனை கை, எத்தனை ஓங்கல்
என்று எண்ணுவதை ஐந்தாம் நாளோடு விட்டேன்.

பதினோராம் நாள் கிளாட்வினிடமிருந்து ஒரு படம்.
உடனே திறக்கவில்லை. ஒருவருக்கு நரம்பு அளந்தேன்,
இன்னொருவருக்கு முள் பொறுக்கிக் கொடுத்தேன்,
சில்லறை எண்ணினேன். திறந்தேன்.

நீலச் சுவர். மாதம் கிழிக்காத காலண்டர். ஒரு பல்லி.
எரிகிறது.
பக்கத்து ஆணியில்
துவைத்துத் தொங்கவிட்ட என் பனியன்.
கீழே ஒரே வரி: "தூண்டில ஏத்துங்க."

கட்டிக்கொண்டிருக்கிறேன்.
குலுக்கிப் பார்த்தால்
லேசாக என்னவோ ஆடுகிறது உள்ளே.
தெருவில் போகிற மீன்பாடி வண்டியாகவும்
இருக்கலாம்.
எதற்கும் இன்னொரு பனியன் தேட வேண்டும்.