எட்டாவது

வென்ட்ஸ்பில்ஸ். மத்தி மீன் டப்பா ஆலை.
உடைமாற்றும் அறையில் ஒரே ஒரு மடிக்கணினி.
வெல்கா தட்டச்சு செய்கிறாள், நகக்கண்ணில் செதில்.
என்னுடையதுதான் முதலில் என்று
ஆறு பேர் அவள் தோளில் சாய்கிறோம்.

வம்பு வேண்டாமென எண்களை எடுத்துவிட்டு
வரிக்கு வரி கரும்புள்ளி குத்தினாள்.
"நாமா குற்றவாளி?" என்றாள் மிர்த்ஸா.
மறுபடி எண்கள்.

டேப் விசையில் சுண்டுவிரல் பட்டதும்
கழிப்பறைத் தாழ்ப்பாள் நகர்ந்து
கூலி உயர்வுக்குள் ஒண்டிக்கொண்டது,
2-அ என்று.
இழுத்து வெளியே விட்டாள்.

ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமே,
வெந்நீரை நீக்கினாள்.
கீழே இருந்த கையுறை
யாரையும் கேட்காமல் ஒரு படி ஏறியது.
வெந்நீர் கேட்டவள் ஐனா.
அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

முடித்த கையோடு, பழக்கதோஷம், ஒரு என்டர்.
எட்டு என்று எண் மட்டும் முளைத்து
பக்கத்தில் வெறும் வெள்ளை.
அச்சான பிறகுதான் பார்த்தோம்.
மை அதோடு தீர்ந்திருந்தது.

மேலாளர் எதற்கும் இசையவில்லை.
ஏழு வரை 'இல்லை, இல்லை' என்று
ஓடி வந்த பேனா
அங்கே நின்றது.

"எட்டாவது என்ன?"

ஒருவரும் பேசவில்லை.
இரண்டாம் முறை கேட்டார், கொஞ்சம் தணிந்த குரலில்.

ஐனா மட்டும்
லேசாகச் சிரித்தாள்.