பிடித்தவர்: மாற்று

வாரத்தில் ஐந்து நாள் எடைமேடையில்
லாரிகளை நிறுத்தி எண் எழுதுகிறேன்.
சனிக்கிழமை இங்கே, இந்தத் தகரக் கொட்டகையில்,
பந்து பந்தாக.
இரண்டு வேலைக்கும் ஒரே சட்டம்:
கண்டதை எழுது.
கண்டதைப் பற்றி நினைத்ததை எழுதாதே.

இன்று சட்டத்தை மீறுகிறேன்.

சௌத்லாந்தில் இதைக் கோடை என்கிறார்கள்.
பனிக்கட்டியை நக்கிவிட்டு வந்த காற்று
ஸ்கோர் புத்தகத்தின் தாளைத் தானே புரட்டுகிறது,
என் தேநீர்க் குவளைதான் அதற்குப் பாரம்.
பன்னிரண்டாவது ஓவரில்
ஸ்லிப்பில் நின்ற லாக்லன் பீட்டி
பந்தைப் பிடிக்கப் போய் விரலைக் கொடுத்தான்.
காய்ந்த அவரை நெற்று வெடித்தது போலொரு சத்தம்,
இவ்வளவு காற்றிலும் என் காதுவரை வந்தது.

லாக்லன் ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவன்.
நாளுக்கு முந்நூறு ஆடு, பருவம் முடிய ஆறு வாரம்.
வலக்கை இயந்திரத்தைப் பிடிக்கும்.
தோலை இழுத்துப் பிடித்து ஆட்டைக் காயமில்லாமல் காப்பது
இடக்கை.
உடைந்தது இடக்கை.

ரோய்மாட்டா கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள்.
பதினேழு வயது. காலையிலிருந்து
ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும் சுமந்துகொண்டிருந்தவள்.
அரைமணி கழித்து உயரே போன ஒரு பந்தை
காற்று திருடிக்கொண்டு போனது,
இவள் முதுகைக் காட்டி ஓடி
தோளுக்கு மேலாக அதைத் திரும்ப வாங்கினாள்.
நான் எழுதினேன், வழக்கப்படி:
பிடித்தவர், மாற்று.
பெயர் கிடையாது.
மாற்று என்பவர் யாராகவும் இருக்கலாம்,
வேலியாகக்கூட.

மாலை. ஒன்பது விக்கெட் போய்விட்டது.
இன்னும் ஏழு ஓட்டம்.
யாரும் சொல்லாமலே அவள் காலில் பேட் கட்டியிருந்தாள்.
அம்பயர் தலையாட்டினார்:
பிடிக்கலாம், எறியலாம், எல்லைவரை விரட்டலாம்.
மட்டையைத் தொடக் கூடாது.

"மண்டையில் அடிபட்டிருந்தால்?
பெரிய ஆட்டங்களில் விடுகிறார்களே."

"விரல் மண்டையில் முளைக்கவில்லையே, பெண்ணே."

எதிரணித் தலைவர் அலிஸ்டர் கிப் கெட்டவர் இல்லை.
தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் சொன்னார்:
இன்றைக்கு விரலுக்கு விட்டால்
நாளை நாலு மணிக்கு மேல்
களைத்துப்போன பந்துவீச்சாளர் அத்தனை பேருக்கும்
தொடைத் தசை கிழியும்.

பொய்யில்லை.
எடை கூட்டத் தண்ணீர் தெளித்த கோதுமை
என் மேடைமேல் ஏறியிருக்கிறது.
அதற்காக வந்த கோதுமையையெல்லாம்
நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, மிஸ்டர் கிப்.
ஒரு கம்பி வைத்திருக்கிறோம்.
மூட்டைக்குள் குத்தினால் ஈரம் சொல்லும்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
ஸ்கோர் எழுதுபவள் எழுந்து நின்று பேசினால்
காற்று புத்தகத்தைக் கொண்டுபோய்விடும்.

லாக்லன் கையுறையைக் கத்தரியால் பிளந்து
வீங்கிய கையை நுழைத்துக்கொண்டான்.
வலக்கையால் மட்டை.
பந்து போடுபவன் மேசன் டுவீட்,
அதே கொட்டகையில், இவனுக்கு அடுத்த பலகையில்
கத்தரிப்பவன்.
முதல் பந்து வெளியே போனது.
இரண்டாவது மட்டையின் விளிம்பில் பட்டு நாலு ஓட்டம்.
மூன்றாவதை டுவீட் மெதுவாக, காலடியில் போட்டான்,
கைப்பக்கம் போகாதபடி.
அது ஸ்டம்பைச் சாய்த்தது.

மூன்று ஓட்டத்தில் தோல்வி.
எல்லோரும் கைதட்டினார்கள்,
சிங்கம் என்று யாரோ கத்தினார்கள்.
டுவீட் கைதட்டவில்லை.
அவளோ பேட் வாரை அவிழ்க்காமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்,
ஒரு பந்துகூடப் படாத, சுத்தமான பேட்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கொட்டகையின் கம்பளி லாரி
மேடையில் ஏறியது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி வானிலை பற்றிப் பேசினார்.
முள் நிற்கக் காத்திருந்தேன்.
போன வாரத்தைவிட ஒரு டன்னுக்கு மேல் குறைவு.
எழுதினேன்.