கடைசி இலக்கம்

ஹெல்சிங்கர் நீரிணையின் பழைய சுங்கப் பதிவேடு.
மேற்கிலிருந்து வந்த உப்புக் கப்பல்கள்
ஏழாயிரத்துச் சொச்சம்.
நாற்பது பீப்பாய், நூறு, நூற்றிருபது...
கப்பல்காரர்கள் எல்லாரும்
பூஜ்யத்தில்தான் நங்கூரமிடுகிறார்கள்.
"வாய்க்கு வந்த கணக்கு" என்கிறாள் சிஸ்ஸல்,
ஆப்பிளைக் கடித்தபடி.

வீபே சாலிங்ஸ் மட்டும்
நாற்பத்தேழு. எண்பத்துமூன்று. முப்பத்தொன்பது.
ஒன்பது வசந்தங்கள்
ஒரு கல் சிந்தாமல் எண்ணியிருக்கிறான்.
கோட்டிலிருந்து எட்ட நிற்கிறது அவன் புள்ளி.
நீக்கட்டுமா? கேட்கிறது நிரல்.
வேண்டாம்.

பத்தாம் ஆண்டுக்குக் கீழே இழுக்கிறாள்:
அறுபது.

மெல்லும் வாய் நிற்கிறது.
பனிமூட்டமா, காய்ச்சலா, வீட்டில் எவராவது செத்துப்போனார்களா,
இல்லை, அன்று உண்மையிலேயே
அறுபதுதானா?
சோதனைக்கு அதெல்லாம் தெரியாது.

சன்னலுக்கு வெளியே
ஸ்வீடன் படகு கிளம்புகிறது,
முக்கால்வாசி நிறைந்து,
ஏறத்தாழ.