மூன்றாம் திருப்பு

மணலிக் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டால்
செம்பு சீக்கிரம் பச்சையாகும்.
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி
எந்தக் காரின் சுவிட்சைக் கழற்றினாலும்
உள்ளே கொஞ்சம் எண்ணூர் இருக்கும்.

அந்த இண்டிகாவைக் கயிறு கட்டி
இழுத்து வந்து விட்டார்கள் ஃபைனான்ஸ்காரர்கள்.
"நாலு தவணை நிக்குது. சாவியக் குடுக்க மாட்டேன்னுட்டான்.
பூட்ட ஒடச்சிட்டு வேற போடு, ரெஜினாக்கா.
ஏலத்துக்கு வர்றவன் கண்ணாடிய ஏத்தி எறக்கிப் பாப்பான்,
அதயும் பாத்துடு."

முதலில் கதவு.
நான்கு பொத்தான்களில் மூன்று
ஷோரூமை விட்டு வந்த நாளின் வெள்ளை அம்புக்குறியோடு.
ஓட்டுகிறவன் பொத்தானில் அம்பு இல்லை,
ஒரு விரல் அளவுக்குப் பள்ளம்.
வழி கேட்டது, வழி சொன்னது,
சில்லறை வாங்கியது, துப்பியது,
ஸ்டான்லி வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சியது
எல்லாம் அந்தப் பள்ளத்தின் வழி.

பலகையைப் பிரித்தேன்.
பீடித்தூள். ஒரு மீன் செதில்.
மஞ்சள் தடவிய அரிசி ஒன்று,
முதல் பூசையன்று விழுந்ததாக இருக்கும்.
தகடு கருகி, எதிர்முனையை எட்டாமல் நின்றது.
பெட்ரோலில் கழுவி, சீரோ தாளில் தேய்த்து,
வளைத்தும் பார்த்தாயிற்று.
ஏறிய கண்ணாடி இறங்க மறுத்தது.

தஸ்தகீரைப் புதுப்பேட்டைக்கு அனுப்பி
முன்னூற்றைம்பதுக்கு வேறொரு பலகை.
அதில் ஓட்டுநர் பொத்தான் புத்தம் புதுசு;
பின்னிருக்கை இடதில்தான் அம்பு அழிந்திருந்தது.
எந்த வண்டியோ,
யாருக்குக் காற்று வேண்டியிருந்ததோ.

ஸ்டியரிங் அடியில் போல்ட்டுக்குத் தலை கிடையாது.
கழற்றக் கூடாது என்றே செய்தது.
உளி வைத்துத் தட்டித் தட்டித்தான் சுற்ற வேண்டும்.
பூட்டு கையோடு வந்தது. வேறு ஏறியது.
முதல் திருப்பில் ரேடியோ, அவன் வைத்த சத்தத்திலேயே.
இரண்டாம் திருப்பில் சிவப்பு விளக்குகள்.
மூன்றாம் திருப்பில் எஞ்சின்.
பழையதைப் பெயிண்ட் டப்பாவில் போட்டேன்.

வியாழக்கிழமை ஒருவர் வந்தார்.
பேர் தேசிங்கு என்றார். காரைக் கேட்கவில்லை.
அது செங்குன்றத்துக்கு விலைபோனதும் தெரிந்திருந்தது.
"என் பூட்டு கீதாக்கா?"
சட்டைப் பையிலிருந்து சாவி வந்தது.
"மூலக்கொத்தளத்துல காப்பி போட்டேன், திரும்பல.
இது மட்டுந்தான். ரெண்டும் ஒண்ணா தேஞ்சதுங்க.
இப்ப கம்பெனி வண்டி ஓட்றேன்.
பட்டன அமுக்குனா எடுத்துக்குது. கைக்கு வேலயே இல்ல."

டப்பாவைக் கவிழ்த்தேன்.
சாவி முதல் பூட்டிலேயே திரும்பியது.
"இது இல்ல."
அடுத்ததிலும் திரும்பியது. "இதுவும் இல்ல."
தேய்ந்த சாவிக்குத் தேய்ந்த பூட்டெல்லாம் சொந்தம்.
அவர் முகம் சுண்டிப்போனது:
எத்தனை ராத்திரி தெருவோரம் நிறுத்தியிருப்பார்,
யாரும் எடுத்துப் போயிருக்கலாமே!

ஆறாவதில்
சாவியை அரை நெல் அளவு வெளியே இழுத்து,
மேலே தூக்கி,
மணிக்கட்டால் அல்ல, தோளால் திருப்பினார்.
"இதான்."

வைஸில் மாட்டிக் கொடுத்தேன்.
வெளியே கேட் மூடி, டேங்கர் ரயில் போய்க்கொண்டிருந்தது.
ஒன்று. இரண்டு.
மூன்றாம் திருப்பு நிற்காது,
விட்டால் பின்னால் வந்துவிடும், உள்ளே ஸ்பிரிங்.
அவர் விடவில்லை.
பேட்டரி செத்த விடியற்காலையில் பிடிப்பதுபோலப்
பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கேட்டைத் தூக்கினார்கள்.
தெரு முழுக்க ஒரே சமயத்தில் வண்டிகள் உறுமின.
"எடுத்துக்கிச்சி" என்று சிரித்தார்.
விட்டார்.

எடை போட்டு அறுபது ரூபாய் வாங்கினேன்.
டப்பாவில் இன்னும் நான்கு கிடக்கின்றன,
அவர் சாவிக்குத் திரும்புபவை.